அடியிலிருந்து அடர்ந்து வளரும் அழகு வேலி: மண் சோதனை முதல் கவாத்து வரை

வேலிச்செடி வைத்தவர்களின் குறை பெரும்பாலும் இரண்டாம் ஆண்டில்தான் வெளியே வருகிறது. தோளுயரத்தில் பச்சைச் சுவர் போல நிற்கும் வேலி, முழங்காலுக்குக் கீழே வெறும் குச்சிகளாகத் தெரியும். அந்த இடைவெளியில் நாயும் கோழியும் புகுந்து போகும். இந்தக் குறைக்குக் காரணம் இரண்டாம் ஆண்டில் இல்லை. நட்ட முதல் பத்து மாதங்களில் இருக்கிறது. உயரத்தை எப்போது வேண்டுமானாலும் கூட்டிக்கொள்ளலாம், ஆனால் அடியில் கிளைகள் உண்டாக வேண்டிய காலத்தைத் தவறவிட்டால் அதைத் திரும்பப் பெறுவது கடினம். இந்த வழிகாட்டியின் படிகள் அனைத்தும் அந்த அடிப்பகுதியை மனத்தில் வைத்தே வரிசைப்படுத்தப்பட்டுள்ளன.

எடுத்துக்காட்டாக, தமிழ்நாட்டுச் சமவெளியில் ஒரு வீட்டின் சுற்றுச்சுவரை ஒட்டி 40 அடி நீளத்தில், 4 அடி உயரத்தில் ஒரு வேலி அமைப்பதாக எடுத்துக்கொள்வோம். கடப்பாரை, மண்வெட்டி, அளவு நாடா, நான்கு முளைக்குச்சிகள், நூல் கயிறு, கைக்கத்தரி, நீண்ட பிடியுள்ள வேலிக்கத்தரி ஆகியவை போதும். செடிகளை மட்டும் கடைசியில் வாங்குங்கள். செடியை முதலில் வாங்கி வந்துவிட்டு இடத்தைப் பிறகு தயார் செய்பவர்கள், செடி வாடுகிறதே என்ற அவசரத்தில் மண் வேலையைப் பாதியில் விட்டுவிடுகிறார்கள்.

1. இடத்தையும் அகலத்தையும் முடிவு செய்தல்

நான்கு அடி உயர வேலிக்கு அடியில் இரண்டரை அடி அகலம் வேண்டும். சுவரை ஒட்டி அரை அடியில் நட்டால் சுவர்ப் பக்கக் கிளைகளுக்கு வெளிச்சமும் காற்றும் கிடைக்காது. அந்தப் பக்கம் முழுவதும் உதிர்ந்து, செடி முன்பக்கமாகச் சாயும். ஆகவே நடவு வரிசை சுவரிலிருந்து இரண்டு அடி தள்ளி இருக்கட்டும். வேலி முழு அகலத்தை அடைந்த பிறகும் பின்னால் முக்கால் அடி வெற்றிடம் மிஞ்சும்.

அகலத்துக்கு இன்னோர் எல்லையும் உண்டு. ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வெட்டக்கூடிய வேலி மூன்று அடிக்கு மேல் அகலமானால் கத்தரி மறுபக்கம் எட்டாது. உயரத்துக்கும் இதுவே கணக்கு: தரையில் நின்று வெட்ட முடியாத வேலியை வீட்டார் வெட்ட மாட்டார்கள்.

குடிநீர்க் குழாய், கழிவுநீர்த் தொட்டி, புதைத்த மின்கம்பி ஆகியவை எங்கே போகின்றன என்று முதலிலேயே கேட்டு, முளைக்குச்சி அடித்து அடையாளம் வைத்துவிடுங்கள். நாளொன்றுக்கு ஐந்து மணி நேரமாவது நேரடி வெயில் விழுகிறதா என்பதையும் காலை, நண்பகல், மாலை என மூன்று வேளை பார்த்து எழுதி வையுங்கள். இலையழகுச் செடிகள் நிழலில் நிறமிழக்கும். பூச்செடிகள் நிழலில் பூக்காது.

2. மண்ணைச் சோதித்தல்

பலரும் தாண்டிப் போகும் படி இது. எனக்கு அதிக இழப்பைத் தந்ததும் இதுவே. புதிதாகக் கட்டிய வீட்டின் சுற்றுச்சுவரை ஒட்டிய மண், தோட்டத்து மண்ணே அல்ல. கொத்தனார் கழுவி ஊற்றிய சிமெண்ட் நீர், சுண்ணாம்பு, செங்கல் தூள், காரைக் கட்டிகள் எல்லாம் அங்கேதான் புதைந்திருக்கும். என் முதல் இட்லிப்பூ வேலியை அப்படிப்பட்ட மண்ணில் வைத்தேன். ஆறு மாதத்தில் கொழுந்திலைகள் மஞ்சளாகி, நரம்புகள் மட்டும் பச்சையாக நின்றன. எரு போட்டேன், தண்ணீரைக் கூட்டினேன், எதுவும் பயன்படவில்லை. அந்த மண்ணின் காரத்தன்மையில் இரும்புச் சத்து கரையாமல் போய்விடுகிறது என்பதும், மண்ணில் இரும்பு இருந்தும் வேரால் அதை எடுக்க முடியவில்லை என்பதும் பிறகுதான் புரிந்தது.

இதைக் கண்டறிய எளிய வழி உண்டு. ஒரு கைப்பிடி உலர்ந்த மண்ணை ஒரு கிண்ணத்தில் போட்டு, அதன்மேல் வினிகரை ஊற்றுங்கள். நுரைத்துப் பொங்கினால் மண்ணில் சுண்ணாம்பு மிகுதியாக இருக்கிறது. வரிசையில் மூன்று இடங்களில், ஒரு அடி ஆழத்திலிருந்து மண் எடுத்துப் பாருங்கள். துல்லியமான கணக்கு வேண்டுவோர் அருகிலுள்ள அரசு மண் பரிசோதனை நிலையத்தில் கொடுக்கலாம்; ஆழ்துளைக் கிணற்று நீரையும் சேர்த்துக் கொடுப்பது நல்லது, ஏனெனில் கார நீர் நல்ல மண்ணையும் நாளடைவில் காரமாக்கிவிடும்.

அடுத்தது வடிகால். ஒன்றரை அடி ஆழக் குழி எடுத்து நீர் நிரப்புங்கள். வற்றியதும் மறுபடி நிரப்புங்கள். இரண்டாம் முறை ஊற்றிய நீர் மறுநாள் காலையிலும் தேங்கி நின்றால், அந்த இடத்தில் பள்ளத்தில் நடக் கூடாது; முக்கால் அடி உயர மேட்டுப்பார் அமைத்து அதன்மேல் நட வேண்டும். கரிசல் மண்ணிலும் களிமண்ணிலும் ஐப்பசி மழையில் செடிகள் வாடி நிற்பதைப் பார்த்துப் பலர் இன்னும் தண்ணீர் ஊற்றுகிறார்கள். அந்த வாட்டம் வேர் மூச்சுத் திணறுவதால் வருவது.

3. மண்ணுக்கு ஏற்ற செடியைத் தேர்ந்தெடுத்தல்

சோதனை முடிந்த பிறகே செடியை முடிவு செய்ய வேண்டும். மண்ணை மாற்றிச் செடிக்கு ஏற்றதாக்குவதைவிட, செடியை மண்ணுக்கு ஏற்றபடி தேர்வது பல மடங்கு எளிது.

மண் செம்மண்ணாக இருந்து, வினிகரில் நுரைக்காமலும் இருந்தால் இட்லிப்பூவை, அதாவது வெட்சியை, துணிந்து வைக்கலாம். மெதுவாகத்தான் வளரும், ஆனால் வளர்ந்தபின் வெட்டும் வேலை குறைவு, ஆண்டின் பெரும்பகுதியும் பூ இருக்கும். மண் நுரைத்தால் வெட்சியை மறந்துவிடுங்கள்.

வேலி விரைவாக அடர வேண்டும் என்பவர்களுக்குப் பொன்னிற இலையுள்ள துரந்தா ஏற்றது. முழு வெயிலில்தான் அதன் மஞ்சள் நிறம் நிற்கும். மாதம் ஒருமுறை வெட்ட முடியுமா என்று உங்களையே கேட்டுக்கொண்டு வாங்குங்கள். அதன் மஞ்சள் பழங்கள் நச்சுத்தன்மை உடையவை. ஒழுங்காக வெட்டப்படும் வேலியில் காய் பிடிப்பது அரிது என்றாலும், தவழும் குழந்தை உள்ள வீட்டில் நான் பரிந்துரைப்பதில்லை. அரளியின் எல்லாப் பாகமும் நஞ்சு என்பதால், அதை வீட்டு வேலியாகவே கருத வேண்டாம்.

கடற்கரைப் பகுதியின் உப்புக்காற்றுக்கும் உவர் நீருக்கும் சங்கங்குப்பி நிகரற்றது. ஆடு மேயாது, வெட்ட வெட்ட அடரும், வெள்ளைப் பூ பூக்கும். நீர் குறைந்த வறண்ட ஊர்களில் மருதாணி வேலி இன்றும் நல்ல தேர்வு. செம்பருத்தி எங்கும் வரும், குச்சி வைத்தாலே துளிர்க்கும். ஆனால் மாவுப்பூச்சிக்கு மிகவும் பிடித்த செடி என்பதை அறிந்து வையுங்கள். நறுமணத்துக்காகப் பலர் விரும்பும் காமினியை, எலுமிச்சையோ நாரத்தையோ உள்ள தோட்டத்தில் வைக்காதீர்கள். அம்மரங்களுக்குக் கிரீனிங் நோயைப் பரப்பும் சில்லிட் பூச்சி காமினியின் கொழுந்திலும் பெருகும்.

சில ஆண்டுகளாக நர்சரிகளில் கூவி விற்கப்படும் கொனோகார்பஸ் வேண்டாம். இயல்பில் அது மரம். அதன் வேர் குழாய்களுக்குள் புகும். குஜராத் அரசின் வனத்துறை 2023-ஆம் ஆண்டிலேயே இதை நடத் தடை விதித்தது.

4. எண்ணிக்கையும் நாற்றின் தரமும்

துரந்தா, சங்கங்குப்பி, செம்பருத்தி ஆகியவற்றுக்குச் செடிக்குச் செடி ஒன்றரை அடி போதும். குட்டை இட்லிப்பூவுக்கு ஒரு அடி. நம் 40 அடி வரிசையில் இரு முனையிலும் அரை அடி விட்டு, ஒன்றரை அடிக்கு ஒன்றாக வைத்தால் 27 செடிகள் வரும். 30 செடிகள் வாங்குங்கள். மிஞ்சும் மூன்றையும் தொட்டியில் வைத்து, வேலிக்கு வெட்டும்போதெல்லாம் அவற்றையும் வெட்டி வாருங்கள். ஐந்தாம் மாதத்தில் ஒரு செடி பட்டுப்போனால், அதே வயதில், அதே உருவத்தில் மாற்றுச் செடி கையில் இருக்கும். அப்போது போய் நர்சரியில் வாங்கும் செடி நிறத்திலும் வளர்ச்சியிலும் ஒத்துப்போகாது.

நெருக்கி நட்டால் விரைவில் அடரும் என்று முக்கால் அடிக்கு ஒன்றாக வைப்பவர்கள் உண்டு. வெளிச்சத்துக்குப் போட்டியிட்டு எல்லாச் செடிகளும் மேல்நோக்கியே ஓடும். அடி முதல் ஆண்டிலேயே வெறுமையாகிவிடும்.

நர்சரியில் மூன்று அடி உயரச் செடியைக் காட்டி, ‘உடனே வேலியாகிவிடும்’ என்பார்கள். ஒற்றைத் தண்டாக ஓடிய அந்தச் செடியை விட்டுவிட்டு, ஒன்றேகால் அடி உயரத்தில், தரையிலிருந்து மூன்று நான்கு கிளைகள் பிரிந்த நாற்றைக் கேளுங்கள். விலையும் குறையும். பையின் அடியைத் திருப்பிப் பாருங்கள்: வேர் பையைத் துளைத்துத் தரையில் இறங்கியிருந்தால், தூக்கும்போதே முக்கிய வேர் அறுந்திருக்கும்.

5. தனிக்குழி வேண்டாம், ஒரே வாய்க்கால்

மரக்கன்றுக்குத் தனிக்குழி சரி. வேலிக்கு 40 அடி நீளத்துக்கும் ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி ஆழத்தில் ஒரே வாய்க்காலாக வெட்ட வேண்டும். இறுகிய மண்ணில் தனித்தனிக் குழி எடுத்தால் ஒவ்வொரு குழியும் ஒரு தொட்டியாகி, வேர்கள் அதற்குள்ளேயே சுற்றும். மழையில் நீர் கோத்துக்கொள்ளும். வாய்க்காலில் வேர்கள் வரிசை நெடுக ஓடுவதால் வளர்ச்சி சமமாக இருக்கும். ஒரு வேலியின் அழகு அந்தச் சமத்தில்தான் இருக்கிறது.

நூல் கயிறு கட்டி வெட்டுங்கள். மேல் முக்கால் அடி மண்ணை ஒரு பக்கமும் அடி மண்ணை மறுபக்கமும் குவியுங்கள். காரைக்கட்டி, செங்கல், சிமெண்ட் சாக்குத் துணி எல்லாவற்றையும் பொறுக்கி வெளியே போடுங்கள். கட்டடக் கழிவு மிகுதியாக இருந்தால் அந்த மண்ணைத் திரும்பப் போடாமல் செம்மண் வாங்கி நிரப்புங்கள். வாய்க்காலை ஒரு வாரம் வெயிலில் திறந்து விடுங்கள்.

பிறகு மூன்று பங்கு மண்ணுக்கு ஒரு பங்கு நன்கு மக்கிய தொழு உரம் கலந்து நிரப்புங்கள். கையில் எடுத்தால் சூடோ, சாண வாடையோ இருக்கும் எரு இன்னும் மக்கவில்லை. அது வேரைச் சுடும், கரையானையும் அழைக்கும். அடிக்கு 100 கிராம் வேப்பம்புண்ணாக்கும் சேர்த்தால் கரையான் தொல்லை குறையும். நிரப்பியபின் நீர் விட்டு, நான்கைந்து நாள் மண் அமரும்வரை காத்திருங்கள். அமராத மண்ணில் நட்டால், பிறகு மண்ணோடு செடியும் இறங்கி, தண்டு புதைந்து அழுகும்.

சொட்டுநீர் அமைப்பதாக இருந்தால் 16 மில்லிமீட்டர் குழாயை இப்போதே வரிசை நெடுக ஓட்டிப் பாருங்கள். செடி படர்ந்தபின் குழாயை உள்ளே நுழைக்கும்போது அடிக்கிளைகள் முறிகின்றன.

6. நடவு

ஆடி முதல் புரட்டாசி வரை நடுவது நலம். வடகிழக்குப் பருவமழை வலுக்கும் முன் வேர் ஓடியிருக்கும், மழைக்காலம் முழுவதும் செடி தானாக வளரும். பங்குனி, சித்திரையில் நட்டால் முதல் மூன்று மாதமும் செடியை உயிரோடு வைத்திருப்பதே வேலையாகிவிடும்.

நர்சரியின் நிழல்வலைக்கடியில் வளர்ந்த நாற்றை வாங்கிய அன்றே வெயிலில் நட்டால் இலை கருகும். ஒரு வாரம் மரநிழலில் வைத்து, அடுத்த நான்கு நாள் காலை வெயில் படும் இடத்துக்கு நகர்த்தி, அதன்பின் நடுங்கள்.

நடுவதற்கு முன் ஒவ்வொரு பையையும் ஒரு வாளி நீரில் அமிழ்த்துங்கள். குமிழி நிற்கும் வரை அமிழ்த்தியிருக்க வேண்டும். நர்சரிப் பையில் இருப்பது பெரும்பாலும் இறுகிய செம்மண் உருண்டை. அது காய்ந்த நிலையில் பொலபொலப்பான மண்ணுக்குள் போனால், ஊற்றும் நீர் முழுவதும் சுற்றியுள்ள மண்ணில் இறங்கிவிடும், உருண்டைக்குள் ஒரு துளியும் போகாது. தினமும் நீர் விட்டும் செடி காய்ந்துபோனது என்று வருந்துபவர்களின் செடியைப் பிடுங்கிப் பார்த்தால், ஈர மண்ணின் நடுவே செங்கல் போன்ற காய்ந்த உருண்டை இருக்கும்.

பையைக் கத்தியால் கீறி முழுவதுமாக நீக்குங்கள். மக்கிவிடும் என்று உள்ளேயே விடக் கூடாது, அது மக்காது. உருண்டையின் வெளிப்புறத்தை விரல்களால் லேசாகக் கலைத்து, வட்டமாகச் சுற்றிய வேர்களை இரண்டு மூன்று இடங்களில் வெட்டிவிடுங்கள். பையில் எந்த மட்டத்தில் மண் இருந்ததோ அதே மட்டத்தில் நடுங்கள். மாலையில் நட்டு, கையால் அழுத்தி, உடனே நீர் விடுங்கள். காலால் மிதிக்க வேண்டாம்.

7. முதல் வெட்டு

இந்தப் படிக்குத்தான் மனம் இடம் தராது. காசு கொடுத்து வாங்கிய செடியை நட்ட சில நாட்களிலேயே வெட்டுவதா என்று எல்லோரும் தயங்குகிறார்கள், அந்தத் தயக்கமே பிற்பாடு வெறுங்கால் வேலியாகிறது.

செடியின் நுனி மொட்டில் உண்டாகும் ஆக்சின் என்னும் பொருள் தண்டின் வழியே கீழிறங்கி, பக்க மொட்டுகளை உறங்க வைக்கிறது. நுனியை நீக்கினால் அந்தத் தடை நீங்கி, வெட்டிய இடத்துக்குக் கீழே உள்ள கணுக்கள் துளிர்க்கும். வெட்டு எவ்வளவு தாழ்வாக இருக்கிறதோ, அவ்வளவு தாழ்வான இடத்தில் கிளை பிரியும். வேலியின் அடி அடர வேண்டுமானால் முதல் வெட்டு தாழ்வாகத்தான் இருக்க வேண்டும்.

துரந்தா, சங்கங்குப்பி, செம்பருத்தி, மருதாணி ஆகியவை நட்ட இரண்டு மூன்று வாரத்தில் புதுத்துளிர் காட்டும். அது வேர் பிடித்ததற்கு அடையாளம். அப்போது எல்லாச் செடிகளையும் தரையிலிருந்து எட்டு அங்குல உயரத்துக்கு ஒரே மட்டமாக வெட்டுங்கள். இட்லிப்பூவை அவ்வளவு வெட்டக் கூடாது. மெதுவாக வளர்வதால் நுனியில் இரண்டு கணுவை மட்டும் கிள்ளினால் போதும். துளிர் வருமுன் வெட்டுவதும் தவறு, ஏனெனில் வேர் பிடிக்காத செடிக்கு இருக்கும் இலைகளே உணவு.

8. நீரும் மூடாக்கும்

முதல் இரண்டு வாரம் மழையில்லாத நாட்களில் தினமும், அடுத்த மாதம் ஒருநாள் விட்டு ஒருநாள், பிறகு வாரம் இருமுறை என்று குறைத்து வாருங்கள். ஒவ்வொரு முறையும் முக்கால் அடி ஆழம் நனையும்படி விட வேண்டும். மேலாகத் தெளித்தால் வேர் மேலேயே நிற்கும், கோடையில் முதலில் காய்வது அந்த வேரே. ஒரு குச்சியை மண்ணில் செருகி எடுத்து, ஈரம் எதுவரை ஒட்டியிருக்கிறது என்று பாருங்கள்.

காய்ந்த இலை, தென்னை மட்டைத் துண்டு, கரும்புச் சோகை என எது கிடைக்கிறதோ அதை இரண்டு மூன்று அங்குலம் பரப்புங்கள். தண்டைச் சுற்றி நான்கு விரல் இடம் விட்டுவிடுங்கள்.

9. உருவம் கொடுக்கும் கவாத்து

முதல் வெட்டுக்குப் பிறகு, துளிர்கள் ஆறு அங்குலம் வளரும்போதெல்லாம் அதில் பாதியை வெட்டுங்கள். அதாவது ஒவ்வொரு சுற்றிலும் வேலி மூன்று அங்குலம்தான் உயரும். இந்தக் கணக்கில் துரந்தா நான்கு அடியை எட்ட ஓராண்டுக்கு மேல் ஆகும். எட்டும்போது அது தரையிலிருந்தே வேலியாக இருக்கும். பக்கவாட்டிலும் இதே அளவில் வெட்ட வேண்டும். மேலே மட்டும் வெட்டி, பக்கத்தை ஓட விடுவது அடுத்த பெரிய தவறு.

உருவம் அடியில் அகன்றும் மேலே குறுகியும் இருக்கட்டும்: அடியில் இரண்டரை அடி என்றால் உச்சியில் ஒன்றே முக்கால் அடி. நேர்க்குத்தாக வெட்டினாலும் உச்சி வேகமாக வளர்வதால், வேலி சில வாரங்களில் குடை போல விரிந்து தன் அடிக்கே நிழல் தரும். நிழலான கிளை இலையை உதிர்க்கும். இரு முனையிலும் இந்தச் சரிவுக்கு ஏற்பக் குச்சி நட்டு, நூல் கட்டி, நூலைப் பார்த்தே வெட்டுங்கள். கண் மதிப்பில் வெட்டிய வேலி நடுவில் தொய்ந்துபோவதை எத்தனையோ வீடுகளில் பார்க்கலாம். கீழிருந்து தொடங்கி மேல்நோக்கி வெட்டினால் சரிவு தவறாது.

பெரிய இலையுள்ள செம்பருத்தியை வேலிக்கத்தரியால் வெட்டினால் இலைகள் பாதியாக அறுந்து, ஓரம் பழுப்பாகும். நேரம் ஆனாலும் கைக்கத்தரியால் கிளை கிளையாக வெட்டுங்கள். இட்லிப்பூ கிளை நுனியில் பூப்பதால், ஒரு சுற்றுப் பூ வாடியதும் வெட்டிவிட்டு அடுத்த சுற்றுக்கு விட்டுவிட வேண்டும். மாதந்தோறும் வெட்டினால் பூவே பார்க்க முடியாது.

கத்திரி வெயில் நாட்களில் ஆழமாக வெட்டாதீர்கள். அதுவரை நிழலில் இருந்த உள்ளிலைகளும் தண்டும் கருகும். வெட்டுமுன் கிளைகளை விலக்கி ஒரு முறை பார்ப்பது என் வழக்கம். தையல்சிட்டும் கொண்டைக்குருவியும் இத்தகைய வேலிகளில் கூடு வைக்கின்றன. முட்டையோ குஞ்சோ இருந்தால், அந்த இரண்டு அடியை மட்டும் மூன்று வாரம் வெட்டாமல் விடுங்கள். வேலிக்கு ஒன்றும் ஆகிவிடாது.

10. உரம், பூச்சி, மஞ்சளிப்பு

ஆண்டுக்கு இருமுறை, ஆடியிலும் தையிலும், அடிக்கு ஒரு கிலோ வீதம் மக்கிய எரு போதும். யூரியாவை அள்ளிப் போட்டால் மெல்லிய கொழுந்துகள் தள்ளி, அசுவினியும் மாவுப்பூச்சியும் அவற்றில் மொய்க்கும்.

மாவுப்பூச்சி கண்டவுடன் மருந்து தேடாமல் எறும்பைத் தேடுங்கள். அதன் இனிப்புக் கழிவுக்காக எறும்புகளே அதைக் காத்து, செடிக்குச் செடி சுமந்து செல்கின்றன. மிகுதியாகத் தாக்கிய நுனிகளை வெட்டி அப்புறப்படுத்தி, மற்றவற்றை நீரைப் பீய்ச்சிக் கழுவுங்கள். அதன்பின் ஒரு லிட்டர் நீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயைச் சிறிது சோப்புக் கரைசலோடு கலந்து, இலையின் அடிப்புறம் நனையும்படி மாலையில் தெளியுங்கள். ஒரு வாரம் விட்டு மீண்டும் தெளிக்க வேண்டும்.

இட்லிப்பூவில் கொழுந்து மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் அது இரும்புக் குறை. ஒரு லிட்டர் நீரில் 5 கிராம் அன்னபேதி (இரும்பு சல்பேட்), 1 கிராம் எலுமிச்சை உப்பு (சிட்ரிக் அமிலம்) கரைத்து, இரு வார இடைவெளியில் மூன்று முறை தெளித்தால் புதிய இலைகள் பச்சையாக வரும். கரைசல் சுவரிலும் தரையோட்டிலும் பட்டால் துருக்கறை போகாது. சாக்கை விரித்து மறைத்துக்கொள்ளுங்கள். முதிர்ந்த கீழிலைகள் மஞ்சளாவது வேறு. அது பெரும்பாலும் தழைச்சத்துக் குறையால் வருவது, எரு போட்டால் சரியாகும்.

11. ஏற்கெனவே அடி வெறுமையான வேலியை மீட்டல்

செடி எது என்பதைப் பொறுத்தது இது. துரந்தா, செம்பருத்தி, சங்கங்குப்பி, இட்லிப்பூ ஆகியவை பழைய தண்டிலிருந்தும் துளிர்க்கும். துஜா போன்ற ஊசியிலை வகைகள் இலையற்ற பழைய தண்டிலிருந்து துளிர்ப்பது மிக அரிது. அவற்றை ஆழமாக வெட்டினால் அந்த இடம் அப்படியே நிற்கும், மாற்றி நடுவதே வழி.

துளிர்க்கும் வகையாக இருந்தால், வெட்டுவதற்கு ஒரு மாதம் முன்பே எரு இட்டு நீர் விட்டுச் செடியைத் தேற்றுங்கள். ஆடியில் முன்பக்கத்தை மட்டும் நடுத்தண்டுக்கு அருகே வரை வெட்டி, உச்சியைப் பாதியாகக் குறையுங்கள். பின்பக்க இலைகள் அதுவரை செடிக்கு உணவு தரும். முன்பக்கம் நன்றாகத் துளிர்த்து அடர்ந்த பிறகு, அடுத்த ஆடியில் பின்பக்கத்தை அதேபோல் வெட்டுங்கள். இரண்டு பக்கத்தையும் ஒரே நாளில் மொட்டையடித்தால் வலுவான செடிகள் பிழைக்கும், நலிந்தவை போய்விடும். வரிசையில் ஆங்காங்கே இடைவெளி விழும். அந்த இடைவெளிகளில் நடும் இளஞ்செடிக்குப் பக்கத்துச் செடிகளின் வேர் இடம் தராது என்பதால், ஒன்றரை அடி ஆழத்துக்கு மண்ணைத் தோண்டி, குறுக்கே வந்த பழைய வேர்களை வெட்டி எடுத்து, புது மண் நிரப்பிய பிறகே தொட்டியில் காத்து வைத்திருக்கும் செடியை அங்கே நட வேண்டும்.